வலது கண்ணில் ஒரு சில்லு

எங்கள் பிறந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். சமணக் குடும்பம், விளக்கு வைத்தபின் அடுப்படியில் வேலை கிடையாது. அதனால் இருட்டில் எனக்குக் கண் தெரியவில்லை என்பது கல்யாணம் வரை யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். இரவு என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில், சினிமா கொட்டகையில் காலி இருக்கை என்று நினைத்து யாரோ ஒருவர் மடியில் உட்காரப் போனேன். என் கணவர் ஜீவகுமார் கையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்து வெகுநேரம் சிரித்தார். அடுத்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப்போனார்.

விழித்திரை நிறமிச் சிதைவு (கண்ணின் பின்பக்கத் திரையில் ஒளியை உணரும் செல்கள் சிறுகச் சிறுக அழியும் பரம்பரை நோய்) என்றார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியது. மகள் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே மிஞ்சியது.

பல வருடங்களுக்குப் பிறகு, சென்னையில் ஒரு மருத்துவமனையில் விழித்திரைச் சில்லு (அழிந்த செல்களுக்குப் பதிலாக நரம்பைத் தூண்டும் மிகச் சிறிய மின்கருவி) ஆய்வுச் சிகிச்சையாகப் பொருத்துகிறார்கள் என்று அறிந்து போனோம்.

"முகம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. எழுத்தும் படிக்க முடியாது. வெளிச்சப் புள்ளிகள்தான். ஜன்னல் எங்க இருக்கு, ஆள் எங்க நிக்கிறாங்கன்னு பழகப் பழகப் புரியும்."

திரும்பும் பேருந்தில், செஞ்சி தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "என் மூஞ்சி தெரியலன்னா உனக்கு நஷ்டமில்ல சாந்தி. அது முன்ன மாதிரி இல்ல." சிரித்துவிட்டேன். சிகிச்சைக்குச் சம்மதித்ததும் அங்கேயேதான்.

வலது கண்ணில் பொருத்தினார்கள். காயம் ஆறியபின் சில்லுக்குப் படம் அனுப்பும் கேமரா வைத்த கண்ணாடி தந்தார்கள். கருவியை முதலில் இயக்கியபோது மத்தாப்பு சிதறியது போல இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் அவரே பயிற்சி கொடுத்தார். கறுப்பு தோசைக்கல்லில் இட்லியை வைத்து, எங்கே என்று காட்டச் சொல்வார். நான் நம்பிக்கையோடு தொடுவேன். "அது என் கை" என்பார்.

தலைவலி தாங்காமல் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். "போதுங்க. இதுக்கு இருட்டே தேவலாம்."

"சரி, வெச்சிடு. வலி கம்மியாவட்டும்" என்றார். வற்புறுத்தவில்லை. அதனாலேயே மறுபடி மாட்டினேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை. "வரேன் சாந்தி" என்று சொல்லிவிட்டு வேங்கிக்கால் அலுவலகத்துக்குக் கிளம்பினார். நான் கண்ணாடியோடு பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தலையை மெல்லத் திருப்பினேன். சமையலறைக் கதவு இருக்குமிடத்தில் வெளிச்சம் நீளமாக நின்றது. அதன் நடுவே ஒரு மறைப்பு. தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். மறைப்பு அங்கேயே இருந்தது.

"ஏங்க, இன்னும் போகலயா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"தெரியுதா?"

"என்னமோ நிக்குது. நீங்கதானா?"

"நான்தான். நீ அடுப்ப அணைக்கிற வரைக்கும் நிப்பேன்."

"இன்னைக்கா?"

"தினமும்தான்."

முதலில் கோபம்தான் வந்தது. தனியாக இருப்பதாக நினைத்து அந்த அறையில் பாடியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், அவரைத் திட்டியும் இருக்கிறேன். வண்டிச் சத்தம் தாமதமாகக் கேட்பது, அவர் துடைத்துவிட்டு எடுப்பதால் என்றே நம்பியிருந்தேன்.

"நான் திட்டினதெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன். உன் பாட்டுதான் ஜாஸ்தி கஷ்டம்."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் பால் பொங்கிவிட்டது.

இந்தச் சில்லுக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மகளின் முகத்தை இது எனக்குத் தரவில்லை. உங்களுக்கும் எந்த முகத்தையும் தராது. நான் இப்போது கழுத்தால்தான் பார்க்கிறேன். தலையைத் திருப்பித் திருப்பி, துண்டுகளைச் சேர்த்து, ஓர் ஆள் உருவாவதற்கு நேரம் பிடிக்கிறது. முன்பெல்லாம் பேசினால்தான் ஒருவர் இருப்பார்; பேச்சு நின்றதும் இல்லாமல் போவார். இப்போது பேசாதவர்களும் இருக்கிறார்கள். தனியாகக் கழித்ததாக எண்ணியிருந்த அந்தப் பழைய காலைகளை நினைக்கும்போது, ஒவ்வொன்றிலும் கதவருகே ஓர் ஆளை நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.