இரண்டு முழம் தள்ளி நின்ற மரம்

பூங்காவில் அவரை நூலக்கா என்பார்கள். பாத்தி வெட்டினாலும், புல் விளிம்பைச் சீவினாலும், செங்கல் பதித்தாலும், முதலில் இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே கெட்டி நூலைக் கட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார். கண் பொய் சொல்லும், நூல் சொல்லாது என்பது அவர் கட்சி. முப்பத்தொரு வருடத் தோட்டவேலையில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது அநேகமாக இந்த ஒன்றுக்குத்தான். அது பெரிய பெருமை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நடக்க வருபவர்களின் கால்கள், தங்களுக்கே தெரியாமல், அதை அனுபவித்துக்கொண்டிருந்தன.

பூங்காவுக்கு நூறு வயதுக்கு மேல். வாசலிலிருந்து வட்டக்குளம் வரை ஒரு நடைபாதை. இருபுறமும் பத்துப் பத்து மரங்கள். பாதை பெயர்ந்து, ஒரு தூறலுக்கே சேறாகும். குழாய்கள் ஒழுகும். பாதி பெஞ்சுகளுக்கு முதுகு கிடையாது. ஒருவழியாக நகராட்சி கண்விழித்து, எல்லாவற்றையும் பழையபடியே சீரமைப்பது என்று முடிவெடுத்து, ஒரு பொறியாளரை அனுப்பியது. பழைய வரைபடத்தில் குளத்துப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. தின்ற பகுதியை மரங்களைக் கேட்டே தெரிந்துகொள்கிறேன் என்று அவர் அளவு நாடாவும் கையுமாக ஒரு வாரம் அலைந்தார். உழைப்பாளிதான். கிழக்கு வரிசையின் ஏழாவது மரத்தடியில் அந்த உழைப்பு கால் தடுக்கியது.

அந்த ஒரு மரம் மட்டும் வரிசையை விட்டு இரண்டு முழம் பாதைப் பக்கமாகத் தள்ளி நின்றது. பருமனில் மற்றக் கிழ மரங்களுக்கு அது இளைத்ததில்லை. பருத்ததால் பழையது, பழையது என்பதால் வேண்டுமென்றே அங்கே வைத்தது. இப்படிப் படிப்படியாக ஏறிப்போய், குளம் கண்ணில் படுவதற்கு முன் பாதை ஒரு வாசல்போலக் குறுக வேண்டும் என்பதே அன்று வடிவமைத்தவர்களின் எண்ணம் என்ற முடிவில் பொறியாளர் உட்கார்ந்துவிட்டார். அப்படியென்றால் எதிரே, மேற்கு வரிசையில் ஒழுங்காக நிற்கும் ஏழாவது மரம் பிற்பாடு யாரோ தப்பாக நட்டது. அதை வெட்டிவிட்டு, இரண்டு முழம் முன்னே புதுக்கன்று வைக்க வேண்டும். வெட்ட வேண்டிய மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறியும் போட்டாயிற்று.

வேலையாட்களைக் கூட்டிவைத்து இதையெல்லாம் அவர் விளக்கினார். கிழக்கு மரத்தை இத்தனை வருடம் காத்ததற்காக நூலக்காவைப் பாராட்டவும் செய்தார். மேஸ்திரி கைதட்டினார். நூலக்கா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தை நட்டவரே அவர்தான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு பெருங்காற்றில் அங்கிருந்த பழைய மரம் சாய்ந்தது. அதே இடத்தில் கன்று வைக்கச் சொன்னார்கள். அன்று அவருடைய மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலைக்குத் தூக்கி வந்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளை ஓரிடத்தில் கிடக்காமல் குளத்தை நோக்கியே ஓடியது. வேறு வழி தெரியாமல் நூலை அதன் இடுப்பில் சுற்றி, மறுமுனையை எட்டாவது மரத்தில் கட்டினார். குழியைக் கண்ணளவில் தோண்டினார், மண் இளகிய இடமாகப் பார்த்து. கோணலை அவர் கவனித்தபோது கன்று வேர் பிடித்திருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். பக்கத்துக் குழாய் ஒழுகி ஒழுகி, நாளைக்கு என்பது மரமாகிவிட்டது.

பொறியாளர் பாராட்டிய அன்று மாலை, வீட்டில் நூலக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையற்கட்டு. சன்னல் விளிம்பில் பழைய டப்பாக்களில் செடிகள், அவையும் நூல் பிடித்தாற்போல். தையல் கடையில் காஜா எடுக்கும் மகள், வேலை முடிந்து வந்து, தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு விஷயத்தை வரவழைத்தாள்.

"நீ சொன்னா உன் மரத்தை வெட்டுவாங்களேம்மா."

"வெட்டுவாங்க. ஆனா அந்தப் பக்கத்து மரம் என்னடி பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு நேரா நின்னுது."

"ரிட்டயர் ஆக மூணு மாசம் இருக்கு. இனி உன்னைக் கோணலக்கான்னுதான் கூப்பிடுவாங்க."

அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்றதுன்னா முழுசா சொல்லு. என்னை மாடு மாதிரி கட்டிப்போட்டதையும் சேத்து."

மறுநாள் மரம் அறுக்கும் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். நூலக்கா அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கிழக்கு வரிசையின் ஆறாவது மரத்திலிருந்து எட்டாவது மரத்துக்கு நூலை இழுத்துக் கட்டினார். நூலின் நடுவே தரையில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தார். நடந்ததைப் பொறியாளரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பழைய மரத்தின் அடிவேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும், தோண்டிப் பாருங்கள் என்றார்.

பொறியாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "நாலு பக்கம் எழுதி மேல அனுப்பிட்டேனேம்மா."

"எழுதினதை அடிச்சுட்டு எழுதலாம் சார். அறுத்ததை ஒட்ட முடியுமா?"

ஒரு முழ ஆழத்தில் கறுத்து மக்கிய வேர்க்கட்டை தட்டுப்பட்டது. நூலுக்கு நேர் கீழே. பொறியாளர் குழியின் ஓரத்திலேயே குந்தி, அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்றார்.

"நேத்து நீங்க பாராட்டிட்டீங்க சார். வாய் அடைச்சுப்போச்சு."

மேற்கு மரத்தின் சுண்ணாம்புக் குறியைப் பொறியாளர் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். அறுக்க வந்த ஆட்கள் வெறுங்கையோடு திரும்பவா என்று முணுமுணுக்க, அப்படியானால் கிழக்கு மரத்தை எடுத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. பொறியாளர் வேண்டாமென்றார். ஒரு தப்பை எடுக்க இன்னொன்றைச் செய்யப் பயமாக இருக்கிறது என்று அவர் காரணம் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் அவர் சொன்னவற்றில் நாலு பக்கக் குறிப்பைவிட இதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். புது வரைபடத்தில் கிழக்கு மரத்தின் பக்கத்தில், 'பின்னாளில் இடம் தவறி நடப்பட்டது' என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

"யார் நட்டதுன்னு போடலையே சார்?"

போட வேண்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றார் நூலக்கா. 'தோட்டப் பணியாளரால்' என்ற ஒரு சொல் நடுவில் ஏறியது.

பத்து நாள் கழித்துப் பாதை விளிம்புக்குச் செங்கல் பதிக்கும் வேலை தொடங்கியது. வாசலிலிருந்து விறைப்பாக வந்த நூல், ஏழாவது மரத்தில் வந்து இடித்தது.

"என்ன கோணலக்கா, நூல் போகமாட்டேங்குதா?" என்றார் மேஸ்திரி.

நூலக்கா இன்னும் இரண்டு முளைக்குச்சிகளை எடுத்தார். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்து, நூலை இரண்டாக்கிக் கட்டினார். நடுவில் மரம் இன்னும் பருப்பதற்கும் சேர்த்து இடம் விட்டார். இரண்டு நூலும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க, தரையோடு தரையாகக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இம்முறையும் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டு முதல் செங்கலை வைத்தார்.