ஒன்பது சொட்டுப் பரவசம்

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, காலை 7.40. தூறல். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு படிகள். பால் வாங்கிக்கொண்டு ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது, தினமும் படிகளை எண்ணும் நான் அன்று எண்ணவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஏழு மாதங்களாக விலாவில் நரம்பு வலி (அக்கி ஆறிய பிறகும் தங்கிவிடும் எரிச்சல்). ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் ‘விஜயா’ என்ற எண்ணெயை (கஞ்சா இலையிலிருந்து எடுப்பது) எழுதிக் கொடுத்தார். வேளைக்கு மூன்று சொட்டு. ஆறு மணிக்கு விழுங்கினேன். அரை மணி பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்னும் மூன்று. ஏழு மணிக்கு இன்னும் மூன்று. சொட்டுகளைச் சரியாகத்தான் எண்ணினேன்.

எட்டு மணிக்கு எரிச்சல் இல்லை. சாம்பார் கொதிப்பதைப் பார்த்துச் சிரித்தேன். என் மனைவி விசாலம் கரண்டியோடு திகைத்து நின்றாள்.

அவளுடைய தங்கை கமலா, கணவரை இழந்தவள், ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் இருந்தாள். மாதக் கடைசியில் அதைக் காலி செய்தாக வேண்டும். போக இடமில்லை. இங்கே வரட்டுமா என்று விசாலம் இரண்டு மாதங்களாகக் கேட்டாள். ஒரு குளியலறை, மூன்று பேர் என்று மறுத்துவந்தேன். அன்று நானே போன் செய்தேன்.

“கிளம்பி வா கமலா. இனிமே இதான் உன் வீடு.”

“மாமாதானா பேசறது?” என்றாள்.

ஒன்பதரைக்கு நெஞ்சு படபடத்தது. சுவர் நகர்ந்தது. சாகப்போகிறேன் என்றே நம்பினேன்.

அவசரப் பிரிவு மருத்துவர் பக்கவாதமோ என்று சந்தேகித்தார். கஞ்சா என்று சொல்ல எனக்குக் கூச்சம். விசாலம்தான் சொன்னாள்: “டாக்டரம்மா, நாப்பத்தாறு வருஷத்துல இவரு காரணமில்லாம சிரிச்சதில்ல. காரணம் இருந்தாலும் சிரிக்க மாட்டாரு. ஏதோ எண்ணெய் குடிச்சாரு.”

விழுங்கிய மருந்து வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு வந்தது பரவசம் (சூழ்நிலைக்குப் பொருந்தாத மிகை மகிழ்ச்சி). ஸ்டீராய்டு மாத்திரையும் சில மனநோய்களும்கூட அதைத் தரும். மூளை தானே சுரக்கும் ஒரு பொருள் போய் அமரும் இடங்களில் கஞ்சாவின் பொருளும் அமர்ந்துகொள்கிறது. அளவு மீறினால் அதே பொருள் பீதியாகிறது. உங்களில் யாராவது இதை எடுத்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புதன்கிழமை எரிச்சல் திரும்பியது. என்னைச் சேர்த்திருந்த வார்டில் கட்டில்களை எண்ணினேன்: பதினொன்று. விசாலம் மெதுவாகக் கேட்டாள்: “கமலாவ வர வேணாம்னு சொல்லிடவா? மருந்து மயக்கத்துல சொன்னதுன்னா அவ புரிஞ்சுக்குவா.”

மருத்துவரிடம் கேட்டேன்: “அன்னிக்குப் பேசினது நானா, எண்ணெயா?”

“எண்ணெய்க்கு உங்க மச்சினி நம்பர் எப்படி சார் தெரியும்?”

விசாலம் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரட்டும்” என்றேன். அப்போது எனக்கு எரிச்சல் இருந்தது. பரவசம் துளியும் இல்லை.

எண்ணெயை நிறுத்திவிட்டார்கள். வலி இருக்கிறது. ஆனால் இந்த உடம்பு வலியில்லாமலும் இருக்கக்கூடியது என்று தெரிந்துவிட்டது. வலியோடு கழியும் அரை மணி நேரம் இப்போது எனக்கு எப்போதும் ஒரே நீளம் இல்லை. கமலாவும் விசாலமும் பேசிக்கொண்டிருக்கும்போது அது சின்னதாகிவிடுகிறது.

எண்ணெய், மருத்துவமனை, ஆட்டோ, கமலாவின் சாமான்களை ஏற்றி வந்த டெம்போ, எல்லாம் இந்த நோயின் கணக்குத்தான்: மொத்தம் 15,490 ரூபாய்.