நாற்பது நாள் தாடி

என் தம்பி சஹந்த் துருக்கியில், அங்காராவில் கணினிப் பொறியியலில் முதுநிலை படித்தான். இரண்டு வருடப் படிப்பு மூன்றாவது வருடத்துக்குள் நுழைந்திருந்தது. ஆய்வுக் கூடத்தில் எல்லோரையும்விட வயதானவன் என்பதால் கூடப் படித்தவர்கள் அவனைத் தாத்தா என்றார்கள்.

அவனுடைய ஆய்வு எதைப் பற்றி என்று அப்பா ஒருமுறை வீடியோ அழைப்பில் கேட்டார்.

"ஒரு சில்லுக்குள்ள ஒரு பகுதி செத்துப்போச்சுன்னு வைங்கப்பா. மத்த பகுதியெல்லாம் அதோட வேலைய பங்கு போட்டுக்கணும். வெளிய இருக்கிறவனுக்கு எதுவுமே தெரியக் கூடாது."

அப்பா சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு, "இதுக்காடா மூணு வருஷம்? உங்கம்மா சமையல்ல தினமும் இதத்தான் செய்றா," என்றார். அம்மா உள்ளேயிருந்து கரண்டியை ஓங்கிக் காட்டினாள். தம்பி சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டுவிட்டான்.

அவன் அறை ஒரு கட்டடத்தின் நிலவறையில். சன்னலில் தெரிவது நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும். ஆய்வுக் கூடத்துக் கணினியில் ஒரு சோதனை ஓடி முடிய நான்கு நாள் ஆகும். நடுவில் மின்சாரம் ஒரு நொடி போனாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த நான்கு நாளும் அவன் பருப்பு சூப் குடித்தபடி கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். "இன்னைக்கு ஒரு சிவப்பு பூட்ஸ் ரெண்டு தடவ போச்சுக்கா" என்பது அவன் தரும் பெரிய செய்தி.

எங்கள் ஊர் ஹோய். அங்கிருந்து துருக்கி எல்லை ஒன்றரை மணி நேரம். ஆனால் அவனால் வர முடியாது. படிக்கிறவன் என்று கட்டாய ராணுவ சேவையிலிருந்து கொடுத்திருந்த விலக்கு, ஆய்வு இழுத்துக்கொண்டே போனதில் காலாவதியாகிவிட்டது. நீட்டிப்பு கேட்டுக் கொடுத்த தாள் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அது கைக்கு வரும் முன் நாட்டுக்குள் காலை வைத்தால் திரும்ப வெளியே விடமாட்டார்கள். இரண்டு வருடம் படை முகாம். படிப்பை முடிக்கும் வாய்மொழித் தேர்வுக்குப் போகாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் போச்சு.

இலையுதிர் காலத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். என்னையும் ஹபீப் சித்தப்பாவையும் அருகில் அழைத்து, "அவன்கிட்ட சொல்லாதீங்க. கேட்டா ஓடி வருவான். வந்தா மாட்டிக்குவான். பரீட்சை முடியட்டும்," என்றார். அவர் இறந்த அன்று பரீட்சைக்கு முப்பத்தேழு நாள் இருந்தது.

தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்லாமல் வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் தெருவிலேயே ஒருத்தி ஜெர்மனியிலிருந்து ஒரு வருடம் கழித்து வந்து, வாசலில் நின்று செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டாள். அன்று எல்லோரும் அழுதார்கள். மறைத்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அழைப்பு வருவதற்கு முன் நானும் அம்மாவும் துக்கக் கறுப்பைக் கழற்றிப் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொள்வோம். கறுப்பு நாடா கட்டிய அப்பாவின் படத்தைத் திருப்பி வைப்போம். துக்கம் கேட்க வந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு மூச்சுக் காட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்குத் தொண்டையில் சின்ன அறுவை, ஒரு மாதம் பேசக் கூடாது என்று சொன்னோம். அவருடைய போனிலிருந்து நான் எழுதினேன்: 'நல்லா இருக்கேன். படி.'

ஒன்பதாம் நாள் அழைப்பில் ஹபீப் சித்தப்பா அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். தினம் சவரம் செய்கிற மனிதர்.

"சித்தப்பா, என்ன இது முகத்துல?" என்றான் தம்பி.

சட்டையை மாற்றினோம், படத்தைத் திருப்பினோம், சாவுக்கு ஆண்கள் நாற்பது நாள் விடும் துக்கத் தாடியை ஒருவரும் யோசிக்கவில்லை.

"குளிருடா. உன் சித்திகூட இப்பத்தான் ஆம்பள மாதிரி இருக்கேன்னா."

"உங்க பின்னால யாரு, ரஹீம் அண்ணனா? அவருக்கும் குளிரா?"

"அவனுக்கு சோம்பல்," என்று சித்தப்பா தன் மகனைப் பின்னால் தள்ளினார்.

தம்பி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். "சரி, நல்லாத்தான் இருக்கு," என்றான்.

மறுநாளிலிருந்து அவன் கேமரா போடவில்லை. அறையில் இணையம் சரியில்லையாம். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. சட்டை மாற்றுகிற வேலை மிச்சம்.

அப்பாவின் போனுக்கு மட்டும் தினமும் எழுதினான். 'அப்பா, சோதனை மறுபடி நின்னுபோச்சு. மறுபடி ஆரம்பிச்சேன்.' 'சூப்ல உப்பு கூடிப்போச்சு. தூக்கிப் போட மனசு வரல, குடிச்சிட்டேன்.' ஒருநாள், 'நீங்க பதில் எழுத வேணாம்பா. கைக்கு ஓய்வு கொடுங்க.' தொண்டைக்குத்தானே ஓய்வு, கைக்கு எதற்கு என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

தேர்வு நாள் பிற்பகல் அழைத்தான். கேமரா போட்டிருந்தான். கறுப்புச் சட்டை. கன்னமெல்லாம் தாடி. எங்கள் வீட்டு ஆண்களின் தாடியைவிட ஒன்பது நாள்தான் குறைவு.

அம்மா பூப்போட்ட சட்டையின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ் பண்ணிட்டேன்," என்றான். "அம்மா, அந்தச் சட்டையக் கழட்டிடும்மா. இனிமே அழுவலாம்."

அம்மா அழுத பிறகு சித்தப்பா கேட்டார். "தெரிஞ்சும் ஏன்டா வாயத் திறக்கல?"

"சொன்னா நீங்க வான்னு கூப்பிடுவீங்க. கூப்பிட்டா வந்திருவேன். அப்பா வர வேணாம்னுதானே சொல்லியிருப்பார்?" பிறகு கேட்டான். "நாப்பதாவது நாள் எல்லாரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்க. என்னை யாரு கூட்டிட்டுப் போவா?"

துக்கத் தாடியைத் தானே எடுத்துக்கொள்வது எங்களில் இல்லை. பெரியவர் ஒருவர் வந்து, கறுப்பைக் கழற்றச் சொல்லி, வேறு நிறச் சட்டையைக் கையில் கொடுத்து, முடிதிருத்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

"எல்லையத் தாண்டி துருக்கிக்குள்ள வான்னு ஒரு ஊர் இருக்குல்ல, அங்க நான் வரேன். நீ அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து சேரு, தாத்தா," என்றார் சித்தப்பா.

நாற்பதாம் நாள் கல்லறைச் சடங்கு முடிந்ததும் அவர் ரஹீமையும் மற்றவர்களையும் கடைக்கு அனுப்பினார். தாம் மட்டும் சவரம் செய்துகொள்ளவில்லை. "நான் வழவழன்னு போனா அவன் தனியாத் தெரிவான்," என்றார்.

நானும் அவரோடு போனேன். வான் நகரப் பேருந்து நிலையத்தில் சஹந்த் ஒரு பையோடு நின்றிருந்தான். மூன்று வருடத்தில் தோள் ஒடுங்கியிருந்தது. சித்தப்பா அவனைக் கட்டிப்பிடித்து, தாடியை இழுத்துப் பார்த்து, "என்னடா இது, அங்கங்க பயிர் வரல," என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்படியே நின்றார்கள்.

முடிதிருத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் இரண்டு முகத்தையும் பார்த்தார்.

"எத்தன நாளு?"

"நாப்பத்திமூணு," என்றார் சித்தப்பா.

கடைக்காரர் வானொலியை அணைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார்.

சித்தப்பா கொடுத்த வெள்ளைச் சட்டையில் தம்பி எங்களைப் பேருந்து வரை கொண்டுவந்து விட்டான். படிப்பு முடிந்துவிட்டதால் நீட்டிப்புத் தாளுக்கும் இனி அர்த்தமில்லை. அப்பாவின் கல்லறையைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வருடம் முகாம். வேண்டாமென்றால் இந்தப் பக்கமே. எது என்று நான் கேட்கவில்லை.

"அப்பா போன் உன்கிட்டதானே இருக்கு?" என்றான்.

"ஆமா."

"சார்ஜ் போட்டு வைக்கா."

"வைக்கிறேன்."

பேருந்து எல்லையை நோக்கிக் கிளம்பியது. மலையேறும்போது என் பைக்குள் அப்பாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. முன்பென்றால் எடுத்துப் படித்திருப்பேன். இப்போது எடுக்கவில்லை. அது அப்பாவுக்கு வந்தது.