விரல் பட்ட டின்

வெள்ளைத்தாய் மதினிக்கு உரசுகிற சத்தமே ஆகாது. திருத்தங்கலில் என் அச்சாபீசை ஒட்டி அவள் கிரீஸ் கடை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டால்கூடச் சுவர் தாண்டிக் குரல் வரும்: "தூக்கி வைங்களேன், கை என்ன தேஞ்சா போகும்?" என் ஆபீஸ் கதவுக் கீலுக்கு என்னைக் கேட்காமலே கிரீஸ் பூசிவிட்டுப் போவாள். சட்டை கறையானால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். காரணம் ஊருக்கே தெரியும்.

அவள் புருஷன் பெத்தணன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிறவன். யாரோ இரும்பு டப்பாவைத் தரையில் இழுத்ததில் பொறி பறந்து, அறையோடு போய்விட்டான். அதற்கு முந்தின சாயங்காலம் வேலைவிட்டு வந்தவன், கையைக் கழுவாமல் காலண்டரில் தாளைத் திருப்பியிருக்கிறான். அலுமினியப் பொடியில் அவன் விரல் தடம் அதில் அப்படியே இருக்கிறது. அந்தக் காலண்டரைக் கடையில் மாட்டியிருக்கிறாள். நான் வருஷா வருஷம் கொடுக்கிற புதுசுக்கு வேறு ஆணி.

அச்சு மிஷின்களுக்கு கிரீஸ் விற்றுக்கொண்டிருந்தவளைக் கப்பல் பக்கம் இழுத்துவிட்டது முனியராஜ். சொந்த ஊர்க்காரன், தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவன். நங்கூரச் சங்கிலி மிஷினுக்கு உப்புத்தண்ணீரில் கரையாத கிரீஸ் வேண்டும், என்ஜின் அறைக்குச் சூட்டில் உருகி ஓடாதது வேண்டும். மதுரையிலிருந்து விற்க வருகிறவன் பேச்சை அவள் நம்ப மாட்டாள். இரும்புத் துண்டில் பூசி, கடைவாசலில் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவாள். துரு ஏறினால் சரக்கு மதுரைக்கே திரும்பிவிடும்.

2006 மழைக்காலத்தில் முனியராஜ் வந்தான். "அக்கா, ஒரு கப்பல்ல ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு இறுகிப்போச்சாம். வெல்டிங் வைக்கிறவரு கிரீஸ் கேக்காரு."

"இரும்பும் இரும்பும் வறட்டுத்தனமா உரசவா விட்டிருக்காக?" என்று பதறி, இருப்பதிலேயே உசத்தியான டின்னை எடுத்துக் கொடுத்தாள். கிரீஸ் இருந்தால் உரசல் இல்லை, உரசல் இல்லாவிட்டால் தீ இல்லை. பட்டாசு ஊரில் பிறந்தவர்கள் அப்படித்தான் நினைப்போம். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

அந்த வாரமே என் மிஷினில் உடைந்ததை வெல்டிங் வைக்க வந்த மொக்கைச்சாமியிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏத்தா, என்ன காரியம் செஞ்ச! ஆக்சிஜன் வேகமா வர்ற எடத்துல கிரீஸ் பட்டா திரி வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். தானா வெடிக்கும்."

என் ஆபீஸ் போனில்தான் முனியராஜைக் கூப்பிட்டாள். நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். கப்பல் முந்தின நாளே கிளம்பியிருந்தது.

"கப்பல் கம்பெனி ஆபீஸ்ல சொல்லிட்டேன்க்கா, வயர்லெஸ்ல சொல்லிருவாக. நீங்க கவலப்படாதீக" என்றான் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு. எதைக் கேட்டாலும் 'சொல்லிட்டேன்' என்கிற ஆள் அவன். அது அவளுக்கும் தெரியும்.

அதன்பிறகு பட்டாசு கம்பெனிகளில் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கடல் இருக்கிற திசைக்குத் திரும்பி நிற்பாள். "அவரு வாசல்ல வந்து நிக்காரு. என்னன்னு கேட்டா பேச மாட்டேங்காரு" என்றாள் ஒருநாள் மத்தியானம். பெத்தணனைத்தான் சொல்கிறாள். பொய் சொல்வானேன், நானும் வாசலை எட்டிப் பார்த்தேன்.

பொங்கல் கழிந்து கப்பல் திரும்பியது. முனியராஜ் சிரித்துக்கொண்டே டின்னைக் கொண்டுவந்து வைத்தான். "கப்பலும் முழுசா வந்திருச்சு, உங்க டின்னும் வந்திருச்சு. போதுமாக்கா?"

அவள் மூடியைத் திறந்தாள். வழுவழுவென்றிருந்த கிரீஸில் ஒரே ஒரு விரல் அள்ளிய பள்ளம்.

"இத எடுத்தது யாரு?"

"வெல்டிங்காரராத்தான் இருக்கும்."

"அவர நீ பாத்தியா?"

"இல்லக்கா. வழியில ஏதோ துறைமுகத்துல எறக்கி விட்டுட்டாகளாம், ஒடம்பு சரியில்லன்னு."

"ஒடம்புக்கு என்ன?"

"கேக்கலியேக்கா."

அவள் டின்னைப் பார்த்தாள், சுவரில் காலண்டரைப் பார்த்தாள். மூடியை மெதுவாகப் போட்டு, காலண்டருக்கு நேர்கீழே பலகையில் வைத்தாள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கப்பல் ஆர்டரையும் அவள் விடவில்லை. முனியராஜ் வந்தால் என்ன கிரீஸ், எம்புட்டு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பாள்.

"அந்த மனுசன் பேராவது கேட்டுட்டு வந்தியா தம்பி?"