குஞ்சம்மாளைத் தெரியாத கேமரா

ஒரு காலத்தில் அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டரை நகத்தளவு சில்லுக்குள் சுருக்கிவிட்டார்களாம். சுருக்கட்டும். அதைக் கொண்டுவந்து எங்கள் டில்லி ஜனக்புரி அடுக்ககத்தின் கேட்டில் ஏன் மாட்ட வேண்டும்? வீட்டு வேலைக்கு வருபவர்களின் முகத்தை அந்தக் கேமரா பார்த்துப் பெயர் சொன்னால்தான் கதவு திறக்கும். மந்திரி வீட்டு வாசலில்கூட இத்தனை கெடுபிடி இருக்காது.

குஞ்சம்மாள் என் வீட்டில் பல வருடங்களாகப் பாத்திரம் தேய்ப்பவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. மகள் மேகலாவுக்குக் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்தால் முடி இறக்குவதாகப் பழனி முருகனுக்கு வேண்டியிருந்தாள்.

"என் கையோட போவட்டும்மா இந்தத் தேய்ப்பு. அவளுக்கு வேணாம்" என்பாள்.

இடம் கிடைத்தது. பழனிக்குப் போய், மொட்டையும் சந்தனமுமாக வேலைக்குத் திரும்பினாள். கேமரா அவளைத் தெரியாது என்றுவிட்டது.

தினமும் அவளை அக்கா முறையில் ‘தீதி’ என்று கூப்பிட்டுப் பீடிக்கு நெருப்பு கேட்கும் காவலாளி கையை விரித்தான். "எனக்குத் தெரியும் தீதி. மிஷின் ஒத்துக்கலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கச் செயலாளர் சேஷனுக்குப் போன் போட்டேன்.

"புதுப் போட்டோ ஏத்த கம்பெனி ஆள் வரணும் மேடம். இல்லேன்னா முடி வளர்ந்தா தானா சரியாயிடும். அதுவரைக்கும் வேற ஆள் பாருங்களேன்."

முடி வளரும்வரை அவள் எதைச் சாப்பிடுவாள்? மற்ற வீட்டுக்காரர்கள் அதற்குள் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கேட்டில் சண்டை போட நானே இறங்கிப் போனேன். குஞ்சம்மாள் அங்கே காத்திருந்தாள். காலேஜுக்குக் கிளம்பிய மேகலாவும் அம்மாவுக்காக நியாயம் கேட்க வந்திருந்தாள். அதே நெற்றி, அதே மூக்கு, அம்மாவுக்கு இருந்த அதே பின்னல். அவள் வாயைத் திறப்பதற்குள் கேமரா பேசியது.

"நமஸ்தே, குஞ்சம்மாள்."

கதவு திறந்தது. காவலாளிக்கு ஒரே குஷி. "அச்சா! இனிமே பொண்ணையே அனுப்பு தீதி."

மேகலாவும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். "கொஞ்ச நாள்தானேம்மா. நான் தேச்சிட்டு காலேஜ் போறேன்."

குஞ்சம்மாள் மகளின் பையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எட்றீ காலை! இந்தக் கதவு உனக்குத் தொறக்கக் கூடாதுன்னுதாண்டி நான் மொட்டை போட்டேன்!"

மேகலா அழுதுகொண்டே மெட்ரோவுக்கு நடந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. குஞ்சம்மாள் வெளியே நின்றாள்.