மௌனசாமியின் பிரேக்

பணிமனையில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். ஹாரனைத் தொடாமலே பஸ் ஓட்டுகிறவர் என்பதால் மற்ற டிரைவர்கள் சூட்டிய பட்டம். அப்படிப்பட்டவரின் பஸ்ஸிலும் புது எச்சரிக்கைக் கருவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். முன்னால் யாராவது குறுக்கே வந்தால் ஒரு மணி. இடதுபக்கம் வண்டி ஏதும் உரசுகிற மாதிரி வந்தால் இன்னொரு மணி.

இடதுபக்க மணியோடு அவருக்குச் சண்டை இல்லை. கண்ணாடியில் தெரியாத ஸ்கூட்டர்காரி ஒருத்தியைக் காப்பாற்றியதே அதுதான். முன்மணிதான் உயிரை வாங்கியது. கடைத்தெருவில் ஆள் குறுக்கே போகாத இடம் ஏது? தெரு முடியும்வரை அது ஓயாது. அடித்தும் பிரேக் போடாவிட்டால் கருவி அதைக் குறித்துக்கொள்ளும், பணிமனைக் கணக்கில் டிரைவரின் மார்க் குறையும். குறைந்துகொண்டே போனால், ஸ்டியரிங்கை விட்டு இறக்கி பஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள்.

அவருக்கு நிம்மதி போனது. தூக்கம் போனது. வீட்டில் மைக்ரோவேவ் கூவினால்கூட மேஜைக்கடியில் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

"சோத்துத் தட்டு எங்க ஓடிடப்போகுதுன்னு பிரேக் போடறீங்க?" என்று மனைவி சிரித்தாள். அந்தக் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை, அவருடைய குறைந்த மார்க்கைக் காட்டி மேலாளர் கூப்பிட்டார். "இன்னிக்கும் மணியை மதிக்கலைன்னா, நாளைலேர்ந்து பஸ் கழுவுங்க."

வெளியே வந்தவரின் காதைக் கடித்தான் ஒரு இளம் டிரைவர். "ஸ்பீக்கர்ல துணியை அடைச்சிருங்கண்ணே. நாங்கல்லாம் அதான் செய்யறோம்."

"இடதுபக்க மணியும் சேர்ந்துல்ல செத்துரும்? போடா, வேற வழி இருக்கு."

கடைத்தெருவில் மணி அடித்தது. நின்றார். கிளம்பினார். அடித்தது. மறுபடி நின்றார்.

"இது பஸ்ஸா, பல்லக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மணி அடிச்சா நிக்கணுமாம். நிக்கறேன்."

பின்னால் பஸ்கள் வரிசை கட்டிவிட்டன. வண்டியில் வர வழியில்லாமல் மேலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"என்னய்யா கூத்து இது? எடுய்யா வண்டியை!"

"எடுத்தா மார்க் குறைப்பீங்க சார். இந்தத் தெருவுல முன்மணி வாயை மூடட்டும், எடுக்கறேன். இல்லையா, இந்தாங்க சாவி. என்னை இங்கேயே இறக்குங்க."

சாவியை நீட்டினார். மேலாளர் பின்னால் நின்ற பஸ்களைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"மேல பேசறேன்" என்று முனகினார்.

"பேசுங்க சார், நல்லாப் பேசுங்க. இப்ப ஏறுங்க, அடுத்த மணி வரைக்கும் போவோம்."