கண்ணாடித் தண்ணீரின் ஆழம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்குப் போனவள் நான். ஒரு கோடை விடுமுறையில் ஆலங்குடியிலிருந்து அப்பா, அம்மாவைப் பச்சைமலைக்குக் கூட்டிப் போனேன். கண்மாய் வற்றும்போது மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையையும் அப்பா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மலையில் ஓர் ஓடை மடுவின் கரைப் பாறையில் நின்று மூவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். மீன்கள் காற்றில் மிதப்பவை போலத் தெரிந்தன. அடியில் கிடந்த கூழாங்கற்களின் வரிகள்கூடத் துலக்கமாக இருந்தன. நாங்களோ கலங்கிய கண்மாய்த் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவர்கள்.

"தரை தெரியுது பாரு. முட்டிக்கால் தண்ணிதான்" என்று அப்பா ஊத்தாவோடு இறங்கினார். அடுத்த நொடி தலை மறைந்துவிட்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. கூடையின் விளிம்பு மட்டும் மேலே தெரிந்தது. நான் பாறையில் படுத்து அதை எட்டிப் பிடித்தேன். அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டார். கூடையை விடாததால் அப்பாவும் அதோடு வந்தார்.

இருமி முடித்ததும், "அம்புட்டு ஆழத்துலயும் வெளிச்சமா இருந்துச்சு தாயி" என்றார்.

"மீனு புடிக்கப் போன ஒங்கள, ஒங்க மக ஊத்தா போட்டுப் புடிச்சிருக்கா" என்றார் அம்மா, அப்பாவின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே.

தண்ணீருக்கு அடியில் இருப்பது உள்ள இடத்தைவிட மேலே இருப்பதுபோல் தெரியும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் கண்டேன். இப்போதெல்லாம் தெளிந்த நீரில் நீண்ட கம்பை விட்டு ஆழம் பார்த்த பிறகே யாரையும் இறங்க விடுகிறேன். முழங்கால் அளவு என்று நினைத்த இடத்தில் கம்பு முழுவதும் உள்ளே போகும்போது, இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.